எல்லைக்குள் அடங்காத காற்று: லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் எண்பதாண்டு வரைகோடு

காற்று மாசு குறித்த பாடநூல்களிலும் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் ஒரு வரைகோடு அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் ஓசோன் அளவைக் காட்டும் கோடு அது. 1955ஆம் ஆண்டில் அங்கே பதிவான உச்ச அளவு 0.68 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 0.68 பங்கு ஓசோன். அண்மைய ஆண்டுகளின் உச்ச அளவுகள் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. 1940இல் சுமார் 28 லட்சமாக இருந்த கவுண்டியின் மக்கள்தொகையோ 2020இல் ஒரு கோடியைத் தொட்டுவிட்டது. மக்களும் வாகனங்களும் பெருகிய அதே காலத்தில் மாசு குறைந்திருக்கிறது. வளர்ச்சிக்கும் தூய காற்றுக்கும் பகையில்லை என்று வாதிடுவோர்க்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

அக்கோடு பொய்யன்று. ஆயினும் அது தானாகச் சரிந்த கோடும் அன்று. மாசுக்குக் காரணம் எது, எதை அளப்பது, எந்த எல்லைக்குள் நின்று ஆள்வது என்னும் மூன்று கேள்விகளுக்கு முதலில் தவறான விடைகள் கிடைத்தன. அவை ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டபோதெல்லாம் கோடு ஒரு படி இறங்கியது. திருத்தம் தாமதப்பட்ட இடங்களில் கோடு தேங்கி நின்றது. இன்று அது மீண்டும் தேங்கியிருப்பதைப் புரிந்துகொள்ளவும் இந்த வரலாறே வழி காட்டுகிறது.

கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிர்வாக அலகு. இந்தியாவின் மாவட்டத்தோடு அதனை ஒருவாறு ஒப்பிடலாம். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மேற்பார்வையாளர் குழு அதனை ஆள்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் அக்கவுண்டிக்குள் அடங்கிய பல நகராட்சிகளுள் ஒன்று. நகரம், கவுண்டி என்ற இந்த வேறுபாடு பின்வரும் வரலாற்றில் முக்கியமானது.

நிலமும் வானும்

1542ஆம் ஆண்டு அக்டோபரில் இப்பகுதியின் கடற்கரையை அடைந்த கப்ரியோ என்னும் கடலோடி, தாம் கண்ட குடாவுக்குப் 'புகைகளின் குடா' என்று பெயரிட்டார். கரையில் வாழ்ந்த தொல்குடியினர் மூட்டிய தீயின் புகை மேலெழாமல் தாழ்வாகப் பரவிக் கிடந்ததை அப்பெயர் பதிவு செய்கிறது. அந்தக் குடா சான் பெட்ரோவா சாந்தா மோனிக்காவா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. புகை கலையாமல் நின்றதற்கான காரணத்தில் வேறுபாடு இல்லை.

லாஸ் ஏஞ்சலஸ் வடிநிலத்தின் மேற்கிலும் தெற்கிலும் பசிபிக் பெருங்கடல். வடக்கிலும் கிழக்கிலும் சான் கேப்ரியல், சான் பெர்னார்டினோ மலைகள். கடலின் குளிர்ந்த நீரோட்டம் தரையை ஒட்டிய காற்றைக் குளிர்விக்கிறது. அதற்கு மேலே உயர் அழுத்த மண்டலத்திலிருந்து இறங்கும் காற்று அழுந்திச் சூடாகிறது. பொதுவாக மேலே செல்லச் செல்லக் காற்று குளிரும். இங்கோ கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெப்பக் காற்றும் அமைகின்றன. இந்தத் தலைகீழ் அடுக்கு பானையை மூடிய தட்டுப் போலச் செயல்படுகிறது. பகலில் வீசும் கடற்காற்று மாசினை மலையடிவாரம் வரை தள்ளிச் செல்கிறது, மலை தடுக்கிறது, மூடி மேலே எழவிடுவதில்லை. கோடையின் கடும் வெயில் அதன்மீது இடைவிடாது விழுகிறது.

இத்தகைய நிலத்தில் மாசு தவிர்க்க முடியாதது என்று வாதிட்டவர்கள் உண்டு. எனினும் நிலவியல் பல்லாயிரம் ஆண்டுகளாக மாறவில்லை. மாறியது அந்த மூடிக்குக் கீழே எரிக்கப்பட்ட பொருள்.

1943: தவறான குற்றவாளி

1943 ஜூலை 26 அன்று நகரின் மையப்பகுதியை அடர்ந்த புகைமூட்டம் சூழ்ந்தது. கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது, சில தெருக்களுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. போர்க்காலம் ஆதலால் ஜப்பானியர் நச்சுவாயு வீசிவிட்டனரோ என்ற அச்சமும் எழுந்தது. அச்சம் அடங்கியதும் பழி அலிசோ தெருவில் இயங்கிய பியூட்டாடையீன் ஆலையின்மீது விழுந்தது. போருக்கு வேண்டிய செயற்கை ரப்பரின் மூலப்பொருளை அவ்வாலை தயாரித்தது. அது தற்காலிகமாக மூடப்பட்டது. புகைமூட்டமோ நீங்கவில்லை.

இந்நிகழ்வு நூல்களில் பெரும்பாலும் ஒரு சுவையான துணுக்காகவே இடம்பெறுகிறது. ஆயினும் சூழல் வரலாற்றுக்கு அது தரும் பாடம் ஆழமானது. மாசுக்கு ஒரே ஊற்றுக்கண் இருக்கும், அது கண்ணுக்குத் தெரியும், அதன் வாயிலில் ஒரு பெயர்ப்பலகை தொங்கும் என்பது அன்றைய பொதுப்புத்தி. ஆலை மூடிய பின்னும் கண்கள் எரிந்தபோது அப்பொதுப்புத்தி முதன்முறையாக ஆட்டம் கண்டது.

'ஸ்மாக்' என்ற சொல்லே அங்கே இரவலாக வந்தது. புகையும் பனியும் கலந்தது என்னும் பொருளில், நிலக்கரி எரித்த இங்கிலாந்து நகரங்களுக்காக உருவான சொல் அது. லாஸ் ஏஞ்சலஸில் நிலக்கரி அரிது; எரிபொருள் எண்ணெயும் இயற்கை எரிவாயுவும். புகைமூட்டம் எழுந்த நாள்களோ பனி மூடிய குளிர்நாள்கள் அல்ல, வெயில் காயும் நாள்கள். சொல் பிழையாக இருந்ததைப் போலவே நோயறிதலும் சில ஆண்டுகள் பிழையாகவே இருந்தது.

நகரிலிருந்து கவுண்டிக்கு

லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி 1945இல் புகைக் கட்டுப்பாட்டுப் பிரிவு ஒன்றை அமைத்தது. அதன் ஆணை நகர எல்லையோடு நின்றது. சுத்திகரிப்பு ஆலைகளும் உலைகளும் பெரிதும் அவ்வெல்லைக்கு வெளியே, தொழிற்சாலைகளுக்கென்றே உருவான வெர்னான் போன்ற சிறு நகராட்சிகளில் இயங்கின. அன்றைய கவுண்டிக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட நகராட்சிகள் இருந்தன. ஒன்று தடைசெய்வதை மற்றொன்று அனுமதிக்கலாம். காற்று இரண்டையும் கலந்து எல்லார்க்கும் பகிர்ந்தளித்தது.

நகரின் முன்னணி நாளிதழான லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ், செயின்ட் லூயிஸ் நகரின் புகையைக் கட்டுப்படுத்திப் பெயர்பெற்ற ரேமண்ட் டக்கரை வரவழைத்து ஆய்வறிக்கை பெற்றது. 1947 ஜூன் மாதம் ஆளுநர் ஏர்ல் வாரன் காற்று மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அவ்வாண்டு அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி காற்று மாசுக் கட்டுப்பாட்டு மாவட்டம் தோன்றியது. அமெரிக்காவில் அவ்வகையில் அதுவே முதலாவது. ஆளும் எல்லை விரிந்ததே அந்நாட்டுக் காற்று வரலாற்றின் முதற்பெரும் திருப்பம் எனலாம்.

புதிய அமைப்பு தான் அறிந்த எதிரியோடு முதலில் போரிட்டது. டக்கரின் அனுபவம் நிலக்கரிப் புகையில் விளைந்தது. அதற்கேற்பச் சுத்திகரிப்பு ஆலைகளின் கந்தக டை ஆக்சைடும், உலைகளின் தூசியும், திறந்தவெளிக் குப்பைமேடுகளில் மூட்டிய தீயும் கட்டுப்படுத்தப்பட்டன. வீட்டுப் பின்கட்டில் குப்பை எரிக்கும் கலன்கள் கவுண்டி முழுவதும் பரவியிருந்தன. அவற்றைத் தடைசெய்ய 1957 வரை ஆயிற்று. தூசியும் கந்தகமும் குறைந்தன. கண்ணெரிச்சல் குறையவில்லை. அளவிடப்பட்ட மாசு இறங்கியபோதும் மக்கள் உணர்ந்த மாசு இறங்கவில்லை என்பது ஆட்சியாளர்க்குப் புதிராக இருந்தது.

ஆய்வகத்தில் கிடைத்த விடை

புதிரை அவிழ்த்தவர் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு வேதியியலாளர். நெதர்லாந்தில் பிறந்து கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஆரி ஹாகன்-ஸ்மித், பழத்தின் மணப்பொருள்களைப் பிடிக்கப் பயன்படுத்திய அதே குளிர்பொறியில் பசடேனாவின் காற்றைப் பிடித்துப் பார்த்தார். கந்தகமும் கரியும் அவ்வெரிச்சலை விளக்கப் போதுமானவையாக இல்லை; கிடைத்தவை ஆக்சிஜனேற்றம் அடைந்த கரிமப் பொருள்கள். கவுண்டியின் கீரைத் தோட்டங்களில் இலைகள் வெள்ளி நிறமாய் வெளிறிப்போன நோய்க்கும் இதுவே காரணம் எனச் சோதனைகள் காட்டின.

1952இல் வெளியான கட்டுரையில் அவர் தந்த விளக்கம் இன்று பள்ளிப் பாடமாகிவிட்டது. எரியாமல் தப்பும் பெட்ரோல் ஆவியிலும் வாகனப் புகையிலும் ஹைட்ரோகார்பன்கள் உள்ளன. எரிதல் நிகழும் இடமெல்லாம் நைட்ரஜன் ஆக்சைடுகள் பிறக்கின்றன. இவையிரண்டும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனையும் கண்ணை எரிக்கும் பிற பொருள்களையும் தோற்றுவிக்கின்றன. எந்தக் குழாயிலிருந்தும் ஓசோன் வெளிவருவதில்லை. அது காற்றிலேயே சமைக்கப்படுகிறது. ஆகவே ஒற்றைக் குற்றவாளியைத் தேடும் முயற்சி அடிப்படையிலேயே பொருந்தாதது. காரோட்டிய ஒவ்வொருவரும் அச்சமையலுக்கு விறகு சேர்த்தவர்.

இக்கருத்துக்கு எதிர்ப்பு வலுவாக எழுந்தது. எண்ணெய் நிறுவனங்களின் நிதியில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் நடத்திய ஆய்வுகள் அவருடைய முடிவுகளைக் கேள்விக்குள்ளாக்கின. வேறு ஆய்வகங்களும் அதே வினையை நிகழ்த்திக் காட்டிய பின்னரே ஐயம் அடங்கியது.

எதை அளப்பது என்ற கேள்வியும் இங்கேயே மாறியது. ஹாகன்-ஸ்மித்தும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டைக் காற்றில் வைத்து, அதில் வெடிப்பு விழ எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கிட்டு ஓசோனை அளந்தனர். பின்னர்ப் பொட்டாசியம் அயோடைடு கரைசலைப் பயன்படுத்தும் கருவிகள் வந்தன. அவை ஓசோனோடு பிற ஆக்சிஜனேற்றிகளையும் சேர்த்தே அளந்தன. எழுபதுகளில் கவுண்டியின் அளவீட்டு முறையும் மாநில வாரியத்தின் முறையும் ஒரே காற்றுக்கு வெவ்வேறு எண்களைத் தந்து பெரும் விவாதம் மூண்டது. புறஊதா ஒளியைக் கொண்டு அளக்கும் முறை அதன்பின் நிலைபெற்றது. எண்பதாண்டு வரைகோடு என்று இன்று தொடர்ச்சியாக வரையப்படுவது, உண்மையில் பல கருவிகளின் கோடுகளை ஒட்டுப்போட்டு நெய்தது. 1955இன் எண்ணையும் 2020இன் எண்ணையும் அருகருகே வைக்கும் மாணவர் இந்த ஒட்டுகளை நினைவில் கொள்ளுதல் நலம்.

கவுண்டியின் கைக்கு எட்டாத தொழிற்சாலை

காரணம் தெரிந்த பின் கவுண்டி தன் எல்லையின் இயலாமையை உணர்ந்தது. ஆலைக்கு உரிமம் மறுக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. டெட்ராய்ட்டில் செய்யப்படும் காரின் வடிவமைப்பை மாற்றும் அதிகாரம் இல்லை. கவுண்டி மேற்பார்வையாளர் கென்னத் ஹான் 1953 முதல் வாகன நிறுவனத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். வாகனப் புகை காற்றில் விரைவில் கரைந்துவிடுவதால் அது ஒரு மாசுப் பிரச்சினையே அன்று என்னும் பொருள்பட முதல் மறுமொழி வந்தது. ஹான் ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார். புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் வளர்ச்சியைத் தாமதப்படுத்த நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து செயல்பட்டன என்று 1969 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறையே வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டுக்குள்ளாகவே அவ்வழக்கு சமரச ஆணையில் முடிந்தது.

1953இல் அர்னால்டு பெக்மன் தலைமையில் அமைந்த குழு வேறொரு வழியையும் சுட்டியிருந்தது. ஹைட்ரோகார்பன் கசிவைத் தடுத்தல், வாகனப் புகைக்கு வரம்பு விதித்தல், குப்பை எரிப்பதை நிறுத்துதல் ஆகியவற்றோடு விரைவுப் பொதுப் போக்குவரத்தையும் அது பரிந்துரைத்தது. முதல் மூன்றும் காலப்போக்கில் நிறைவேறின. நான்காவதற்கு நேர்மாறானது நடந்தது. ஒரு காலத்தில் வடிநிலம் முழுவதையும் இணைத்திருந்த மின் ரயில் வலையின் கடைசித் தடம் 1961இலும், நகரத் தெருக்களின் டிராம் 1963இலும் நின்றன. கார்களைக் குறைப்பதைக் கைவிட்டு, காரின் புகையைக் குறைக்கும் பாதையைக் கவுண்டி தேர்ந்துகொண்டது. பின்வந்த வெற்றியின் அளவையும் அதன் எல்லையையும் அத்தேர்வே தீர்மானித்தது.

இதற்கிடையே பொறுப்பு மாநிலத்துக்கு நகர்ந்தது. 1960இல் வாகன மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1966ஆம் ஆண்டு மாடல் கார்களுக்கு நாட்டிலேயே முதன்முறையாகக் கலிபோர்னியா புகைவரம்பு விதித்தது. 1967இல் மாநிலக் காற்று வள வாரியம் பிறந்தது. அதன் முதல் தலைவர் ஹாகன்-ஸ்மித். அதே ஆண்டின் கூட்டரசுச் சட்டம் வாகன வரம்புகளை வாஷிங்டனின் உரிமையாக்கியபோதும், கலிபோர்னியாவுக்கு மட்டும் கடுமையான வரம்புகளை விதிக்கும் விலக்கை அளித்தது. 1970இன் தூய காற்றுச் சட்டம் அப்போக்கை நாடு முழுமைக்கும் கொண்டுசென்றது.

எண்கள் சரிந்த விதம்

முதல் வரம்புகள் ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் மட்டுமே இலக்காகக் கொண்டன. அவற்றை நிறைவேற்ற எரிகலவையில் காற்றின் பங்கை உயர்த்தியதால் எஞ்சினுக்குள் நைட்ரஜன் ஆக்சைடு கூடியது. 1971ஆம் ஆண்டு மாடல்களுக்குத் தனி வரம்பு விதிக்கும் வரை அக்குறை நீடித்தது. ஒன்றைக் குறைக்கும் ஆணை மற்றொன்றைப் பெருக்கிய இந்நிகழ்வு, மாசுப் பட்டியலில் இடம்பெறாத பொருள் எவ்வாறு கவனத்துக்கு வராமல் வளர்கிறது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

1975ஆம் ஆண்டு மாடல்களில் வினையூக்கி மாற்றி வந்தது. ஈயம் அதன் செயல்திறனைக் கெடுக்கும் என்பதால் ஈயமற்ற பெட்ரோல் கட்டாயமாயிற்று. காற்றிலிருந்து ஈயம் மறைந்தது இவ்வாறு ஒரு கருவியின் தேவையோடும் பின்னிப்பிணைந்தது. எழுபதுகளின் இறுதியில் மூன்று மாசுகளையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் மாற்றிகள் வந்தன. அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் அறிவியலாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு விளைவைத் தொகுத்துரைத்தது: அறுபதுகளுக்கும் 2010க்கும் இடையே லாஸ் ஏஞ்சலஸ் காற்றில் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் ஐம்பதில் ஒரு பங்காகக் குறைந்தன, அதே காலத்தில் எரிபொருள் பயன்பாடு ஏறத்தாழ மூன்று மடங்காகியது.

எல்லை மீண்டும் விரிய வேண்டியிருந்தது. காலையில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் வெளியாகும் புகை, கடற்காற்றில் கிழக்கே நகர்ந்து, சில மணி நேரம் வெயிலில் வெந்து, ஓசோனாக முதிரும்போது ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ கவுண்டிகளின் வானில் நிற்கிறது. புதிதாக வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனை உடனே சிதைப்பதால் நெடுஞ்சாலைகள் நெருங்கிய நகர மையத்தில் ஓசோன் குறைந்தே தெரியும். கவுண்டி எல்லைக்குள் மட்டும் அளந்தால் முன்னேற்றம் மிகையாகத் தோன்றும். அதன் விலையைச் செலுத்துவது அண்டைக் கவுண்டி. 1977இல் லாஸ் ஏஞ்சலஸ், ஆரஞ்சு, ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ ஆகிய நான்கு கவுண்டிகளின் அமைப்புகளையும் இணைத்து தென்கரைக் காற்றுத் தர மேலாண்மை மாவட்டம் உருவாயிற்று. காற்று புழங்கும் வடிநிலமே ஆளும் எல்லையானது.

அதன்பின் வந்த கணக்கு வியக்கத்தக்கது. ஒரு மணி நேரச் சராசரி ஓசோன் 0.20 பி.பி.எம். அளவை எட்டும்போது முதற்கட்ட எச்சரிக்கை விடப்படும். 1977இல் அத்தகைய நாள்கள் 121. 1996இல் 7. 1999இல் ஒன்றுகூட இல்லை.

இறக்கம் சீராக நிகழவும் இல்லை. சனி, ஞாயிறுகளில் சரக்கு வண்டிகள் குறைவதால் நைட்ரஜன் ஆக்சைடு குறைகிறது. ஓசோனோ பல இடங்களில் வார நாள்களைவிட உயர்ந்தது. 'வார இறுதி விளைவு' எனப்பட்ட இதனைச் சான்றாகக் காட்டி, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதே வீண் என்று சிலர் வாதிட்டனர். ஓசோனுக்கும் அதன் மூலப்பொருள்களுக்கும் உள்ள உறவு நேர்கோட்டு உறவன்று. நைட்ரஜன் ஆக்சைடு மிகுந்த காற்றில் முதற்சில குறைப்புகள் ஓசோனை ஏற்றும். அந்த மேட்டைக் கடந்த பின்னரே அது இறங்கும். இடைக்கால ஏற்றத்தைக் கண்டு திரும்பியிருந்தால் மறுபக்கத்தை எட்டியிருக்க முடியாது.

கோட்டுக்குள் மறைந்த தெருக்கள்

ஒரு கவுண்டிக்கு ஓர் எண் என்று சராசரி காண்பது வசதியானது. அந்த எண்ணில் யாரும் மூச்சு விடுவதில்லை. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் ஆகிய இரட்டைத் துறைமுகங்கள் நாட்டின் மிகப் பெரிய கொள்கலன் வாயில். அங்கிருந்து புறப்படும் சரக்கு வண்டிகள் 710ஆம் எண் நெடுஞ்சாலை வழியே உழைக்கும் மக்களின் குடியிருப்புகளைக் கடந்து செல்கின்றன. 1998-99இல் தென்கரை மாவட்டம் நடத்திய நச்சுக்காற்று ஆய்வு, வடிநிலத்தில் காற்று நச்சுகளால் விளையும் புற்றுநோய் இடரில் ஏறத்தாழ 70 விழுக்காடு டீசல் துகளால் என்று கணித்தது. ஓசோன் வரைகோட்டில் டீசல் துகளுக்கு இடமில்லை. 2006இல் துறைமுகங்கள் தூய காற்றுச் செயல்திட்டத்தை ஏற்றன; 2008 முதல் பழைய சரக்கு வண்டிகள் படிப்படியாக நீக்கப்பட்டன.

புகை எந்தத் தெருவில் தங்கும் என்பதும் தற்செயலன்று. 1939இல் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்றுக்காக வரைந்த அரசு வரைபடங்களில் பாயில் ஹைட்ஸ் போன்ற கலப்பினக் குடியிருப்புகள் சிவப்பு வண்ணமிட்டுத் தாழ்ந்த தரமாக வகுக்கப்பட்டன. பின்னாளில் நெடுஞ்சாலைகள் அவற்றின் ஊடாகவே அறுத்துச் சென்றன. அமெரிக்காவின் 202 நகரங்களை ஆய்ந்து 2022இல் வெளியான கட்டுரை, அன்று சிவப்பிட்ட பகுதிகளில் இன்றும் நைட்ரஜன் டை ஆக்சைடு கூடுதல் என்று காட்டியது. எண்பதாண்டுகளில் சராசரி இறங்கியது. மேலே யார், கீழே யார் என்ற வரிசை பெரிதும் அப்படியே இருக்கிறது.

இத்தனை போராட்டத்தின் பயன் எங்கே தெரிகிறது என்றால், சிறுவர்களின் நுரையீரலில். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தொடங்கிய சிறார் நல ஆய்வு, மாசு மிகுந்த ஊர்களில் வளரும் பிள்ளைகளின் நுரையீரல் முழு அளவுக்கு வளர்வதில்லை என்று 2004இல் நிறுவியது. 2015இல் வெளியான அடுத்த கட்ட ஆய்வு, 1994 முதல் 2011 வரை மூன்று தலைமுறை மாணவர்களை ஒப்பிட்டது. காற்று தூய்மையடைந்த அளவுக்கு அவர்களின் நுரையீரல் வளர்ச்சியும் மேம்பட்டிருந்தது. 15 வயதில் நுரையீரல் செயல்திறன் மருத்துவ நோக்கில் கவலை தரும் அளவுக்குத் தாழ்ந்திருந்தோர் முதல் தலைமுறையில் 7.9 விழுக்காடு, அடுத்ததில் 6.3, மூன்றாவதில் 3.6. சட்டங்களும் வழக்குகளும் கருவிகளும் எதற்காக என்ற கேள்விக்கு இம்மூன்று எண்களைவிடத் தெளிவான விடை இவ்வரலாற்றில் வேறில்லை.

தேங்கிய கோடு

2010க்குப் பின் ஓசோன் இறக்கம் தளர்ந்தது; சில ஆண்டுகளில் ஏறவும் செய்தது. தென்கரை வடிநிலம் 2020இல் கூட்டரசின் ஓசோன் வரம்பை 157 நாள்கள் மீறியது. வரம்பு காலப்போக்கில் கடுமையாக்கப்பட்டது என்பது உண்மை. ஆயினும் ஒரே வரம்பைக் கொண்டு பார்த்தாலும் தேக்கம் புலப்படுகிறது.

இங்கும் பழைய மூன்று கேள்விகளே திரும்பி வருகின்றன. முதலாவது, காரணம் எது? வாகன ஆவி பெரிதும் அடங்கிய பின், வண்ணப்பூச்சு, துப்புரவுப் பொருள், நறுமணப் பொருள் முதலியவற்றிலிருந்து எழும் ஆவிகள் புதைபடிவ மூலத்திலிருந்து வரும் கரிமச் சேர்மங்களில் பாதியளவு ஆகிவிட்டன என்று 2018இல் வெளியான ஆய்வு கணித்தது. நெடுஞ்சாலையில் தேடிய காரணம் குளியலறை அலமாரிக்கு இடம்பெயர்ந்துள்ளது.

இரண்டாவது, எதை அளப்பது, எதைக் கணக்கில் சேர்ப்பது? காட்டுத்தீயின் புகை 'விதிவிலக்கான நிகழ்வு' எனச் சான்றளிக்கப்பட்டால் அந்நாள்களின் அளவுகளை வரம்பு மீறல் கணக்கிலிருந்து நீக்க விதியில் இடமுண்டு. ஆட்சி நோக்கில் இதற்கு நியாயம் உண்டு. உள்ளூர் அமைப்பு தீயைக் கட்டுப்படுத்த இயலாது. ஆனால் 2025 ஜனவரியில் பாலிசேட்ஸ், ஈட்டன் தீ வீடுகளையும் வாகனங்களையும் எரித்தபோது அப்புகையை உள்ளிழுத்தவர்க்கு நுரையீரலில் விதிவிலக்கு ஏதும் இல்லை.

மூன்றாவது, எல்லை எது? வெப்பம் கூடக்கூட ஓசோன் உருவாகும் வேகமும் கூடுகிறது. புவி வெப்பமடைதலை நான்கு கவுண்டிகள் கூடித் தடுக்க முடியாது. கப்பல்களும் விமானங்களும் ரயில்களும் பெரும்பாலும் உள்ளூர் அமைப்பின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை. 1967 முதல் கலிபோர்னியா பெற்றுவந்த விலக்கின்கீழ் அளிக்கப்பட்ட முக்கியமான சில அனுமதிகளை 2025 ஜூனில் கூட்டரசு நீக்கியது. அதன்மீதான வழக்கு நீதிமன்றம் சென்றது. விரிந்துகொண்டே வந்த எல்லை ஒருபுறம் சுருக்கப்படுகிறது.

மாவட்டம் என்னும் அலகு

இந்தியாவில் காற்றுத் தரத்தின் நீண்டகாலப் போக்கை ஆய்வோர்க்கு இவ்வரலாறு சில எச்சரிக்கைகளைத் தருகிறது. 2009இல் திருத்தப்பட்ட தேசியத் தர வரம்புகள் மொத்த மிதவைத் துகள் என்னும் பழைய அளவைக் கைவிட்டு, பி.எம். 10, பி.எம். 2.5 ஆகிய நுண்துகள்களை ஏற்றன. அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே கோட்டில் இணைக்க இயலாது. தேசியக் கண்காணிப்புத் திட்டத்தின் கைமுறை நிலையங்கள் வாரம் இருமுறை, ஆண்டுக்கு 104 நாள்கள் அளப்பவை. தானியங்கி நிலையங்கள் இடைவிடாது அளப்பவை. இரண்டின் சராசரிகளையும் ஆராயாமல் ஒப்பிடுவது, ரப்பர்த் துண்டின் வெடிப்பையும் புறஊதாக் கருவியின் எண்ணையும் ஒன்றாகக் கொள்வதற்கு நிகர்.

2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் நகரத்தை அலகாகக் கொண்டு இலக்கு வகுத்தது. நகரக் காற்றில் கலக்கும் மாசின் கணிசமான பகுதி நகர எல்லைக்கு வெளியே பிறக்கிறது. தலைநகர் வட்டாரத்துக்கும் அதனை அடுத்த பகுதிகளுக்கும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த காற்றுத் தர மேலாண்மை ஆணையம், மாநில எல்லைகளைக் கடந்து ஆளும் ஓர் ஏற்பாடு. லாஸ் ஏஞ்சலஸ் 1947இலும் 1977இலும் எடுத்துவைத்த அடிகளோடு அதனை ஒப்பிட்டு ஆராயலாம். எல்லையை விரித்ததோடு கவுண்டியின் காற்று தூய்மையாகிவிடவில்லை என்பதையும் அவ்வொப்பீட்டில் மறக்கலாகாது. 1947க்கும் வினையூக்கி மாற்றிக்கும் இடையே 28 ஆண்டுகள் கழிந்தன. அவ்விடைவெளியில் பிறந்து வளர்ந்தவர்களின் நுரையீரலுக்கு நேர்ந்ததை இக்கோடு காட்டுவதில்லை. வரைகோட்டில் அவர்கள் கடந்த ஆண்டுகள் மட்டும் உயர்ந்த புள்ளிகளாக நிற்கின்றன.